பூச்சியும் இலையும் சிக்கிய ஆம்பர்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

பழங்கால மரப்பிசின் கட்டியான ஆம்பரைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர்களில் பலரும் முதலில் தேடுவது தேளையோ பல்லியையோதான். அந்த ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். உண்மையான ஆம்பரில் கிடைப்பதில் பெரும்பங்கு சில மில்லிமீட்டரே நீளமுள்ள ஈக்கள், எறும்புகள், சிலந்திகள். இவற்றைப் பார்த்துப் பழகிய பிறகுதான் அரிய துண்டு எது, போலி எது என்று பிரித்துச் சொல்ல வரும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த இடத்திலிருந்து வந்தது என்று தெரியாத துண்டு அழகாக இருக்கலாம், ஆனால் அதை வைத்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆம்பருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அதன் கூடவே ஒரு நல்ல குறிப்புச் சீட்டை வைத்திருப்பது.

ஆம்பர் என்பது என்ன

மரத்திலிருந்து வழிந்த பிசின் மண்ணில் புதைந்து, ஆவியாகக்கூடிய பகுதிகளை மெல்ல இழந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்பட்டதுதான் ஆம்பர். அது கனிமம் அல்ல. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 2 முதல் 2.5 வரை, அதாவது ஏறக்குறைய விரல் நகத்தின் அளவு. அடர்த்தி 1.05 முதல் 1.10. அதனால் கையில் எடுத்தால் லேசாக இருக்கும், கண்ணாடியைப் போலச் சில்லிடாது.

பிசின் ஒரே தடவையில் வழிந்து முடிவதில்லை. ஒரு வழிவில் பூச்சி கால் வைத்து மாட்டிக்கொள்ளும், அடுத்த வழிவு அதை மூடும். இப்படி அடுக்கடுக்காக உருவாவதால் நல்ல துண்டுகளில் ஓட்டக் கோடுகள் தெரியும். பின்னால் போலிகளைப் பற்றிப் பேசும்போது இந்தக் கோடுகள் உதவும்.

உள்ளே இருக்கும் பூச்சியிலிருந்து மரபணுவை எடுக்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 1990களில் எடுத்துவிட்டதாக வந்த அறிவிப்புகளை வேறு ஆய்வகங்களால் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஆம்பரைவிட மிக இளமையான கோப்பல் பிசினில் இருந்த தேனீக்களிலும் நம்பத்தக்க பழைய மரபணு கிடைக்கவில்லை. ஆனால் உடலின் வடிவம் பிரமிக்க வைக்கும் அளவுக்குத் தங்கியிருக்கிறது: கூட்டுக்கண்ணின் ஒவ்வொரு முகப்பு, காலில் உள்ள ஒவ்வொரு மயிர், சில நேரம் உள்ளே தசை நார்கூட.

எந்த ஆம்பரில் தொடங்கலாம்

பால்டிக் ஆம்பர்தான் என் பரிந்துரை. வயது சுமார் 3.4 கோடி முதல் 4.8 கோடி ஆண்டுகள். ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் உள்ள யந்தார்னி சுரங்கம், போலந்து, லிதுவேனியா கரைகள் ஆகியவை இதற்குப் பேர்போனவை. ஏராளமாகக் கிடைப்பதாலும், 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அறிஞர்கள் இதை ஆராய்ந்து படம் வரைந்து வைத்திருப்பதாலும், உங்கள் கையில் உள்ள ஈயை ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் எளிதில் கிடைக்கும். பூச்சியைச் சுற்றிப் பால் போன்ற வெண்படலம் ஒரு பக்கத்தில் படிந்திருப்பது பால்டிக் துண்டுகளில் அடிக்கடி காணும் விஷயம். பூச்சியின் உடல் அழுகியபோது வந்த வாயுக்களும் ஈரமும் நுண்ணிய குமிழிகளாகத் தங்கிப்போனதால் ஏற்பட்டது அது. காட்சியை மறைக்கிறதே என்று வருந்த வேண்டாம், நம்பகத்தன்மைக்கு அது ஒரு சாட்சி.

அடுத்ததாக டொமினிக்கன் குடியரசின் ஆம்பர். ஏறத்தாழ 1.5 கோடி முதல் 2 கோடி ஆண்டு வயது. ஹைமெனியா புரோட்டெரா என்ற, இன்று அழிந்துபோன மரத்தின் பிசின். மிகத் தெளிவாக இருக்கும், வெண்படலம் அநேகமாக இருக்காது. கொடுக்கில்லாத சிறு தேனீக்கள் இதில் நிறையக் கிடைக்கும். மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சிமோஹோவெல் பகுதியில் எடுக்கப்படும் ஆம்பரும் இதே மர இனத்தின் உறவு.

மியான்மரின் கச்சின் மாநிலத்தில், ஹுகாங் பள்ளத்தாக்கில் கிடைக்கும் ஆம்பருக்குச் சுமார் 9.9 கோடி ஆண்டு வயது. டைனோசர் காலம். இறகு முளைத்த சிறு டைனோசரின் வால் ஒன்று இதில் இருந்ததாக 2016இல் வெளியான செய்தி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனாலும் இதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். 2017இல் அந்தச் சுரங்கப் பகுதிகளை ராணுவம் கைப்பற்றியது, ஆம்பர் விற்ற பணம் மோதலுக்குத் தீனி போடுகிறது என்ற கவலை வலுத்தது. அதற்குப் பின் அங்கிருந்து வாங்கப்பட்ட ஆம்பர் குறித்த கட்டுரைகளை நிறுத்திவைக்குமாறு முதுகெலும்புத் தொல்லுயிரியல் சங்கம் 2020இல் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று விற்பவர் சொன்னால், அதற்கு எழுத்து மூலம் ஆதாரம் கேளுங்கள்.

குஜராத்தின் வஸ்தான், தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் காம்பே ஆம்பரைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்த பிசின். மற்ற ஆம்பர்களைப் போல இறுகப் பிணையாததால் இதைக் கரைப்பானில் கரைத்து, உள்ளே இருக்கும் பூச்சியை வெளியே எடுத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆய்வாளர்களின் கைக்குத்தான் பெரும்பாலும் போகிறது என்றாலும், ஆம்பர்கள் எல்லாம் ஒரே பொருள் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கரையில் நீங்களே தேடுவதாக இருந்தால்

பால்டிக் கடலின் தெற்கு, கிழக்குக் கரைகள், டென்மார்க்கின் ஜட்லாண்ட் மேற்குக் கரை, இங்கிலாந்தின் சஃபோக் கரை ஆகியவற்றில் அலை ஆம்பரை ஒதுக்குகிறது. குளிர்காலத்துப் புயல் ஓய்ந்து, கரையை நோக்கிக் காற்று வீசிய மறுநாள் காலை நல்ல நேரம். குளிர்ந்த நீரின் அடர்த்தி அதிகம், கொந்தளிப்பில் ஆம்பர் எளிதில் மேலே வரும். வெறும் மணலில் தேடாதீர்கள். கடற்பாசியும் கரிய மரத்துண்டுகளும் ஒதுங்கிய கோட்டில் தேடுங்கள், எடை ஒத்த பொருட்கள் ஒரே இடத்தில்தான் சேரும். இருட்டிய பிறகு புற ஊதா டார்ச் அடித்தால் துண்டுகள் மங்கலாக ஒளிரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டாம் உலகப் போரின் தீக்குண்டுகளிலிருந்து கசிந்த வெண்பாஸ்பரஸ் கட்டிகள் பால்டிக் கரைகளில், குறிப்பாக ஜெர்மனியின் ஊசடோம் தீவுப் பக்கம், இன்றும் ஒதுங்குகின்றன. பார்க்க அச்சு அசல் ஆம்பர் போலவே இருக்கும். ஈரம் காய்ந்து உடல் சூடு பட்டதும் தானாகவே தீப்பிடிக்கும். சட்டைப் பையில் போட்டவர்களுக்குக் கடுமையான தீக்காயம் ஏற்பட்டிருக்கிறது. அதனால் கரையில் எடுத்த எதையும் சட்டைப் பையில் போடாமல் உலோக டப்பாவில் போடுங்கள், வீட்டுக்குள்ளும் உடனே கொண்டுபோகாதீர்கள்.

சட்டத்தையும் முன்கூட்டியே பாருங்கள். கரையில் கிடப்பதைப் பொறுக்க அனுமதிக்கும் நாடு தோண்டுவதற்கு அனுமதிக்காமல் இருக்கலாம். போலந்து அப்படித்தான். டொமினிக்கன் குடியரசு பட்டை தீட்டாத ஆம்பரை வெளியே கொண்டுபோக விடுவதில்லை.

போலியா, கோப்பலா, ஆம்பரா?

புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம். சந்தையில் நான்கு விதமான ஏமாற்றுகள் உண்டு.

முதலாவது பிளாஸ்டிக். செல்லுலாய்ட், பேக்லைட், பாலியஸ்டர், எபாக்சி என்று பல. இரண்டாவது கோப்பல்: மடகாஸ்கர், கொலம்பியா, கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்திலிருந்து வரும் இளம் பிசின். வயது சில பத்தாண்டுகள் முதல் சில ஆயிரம் ஆண்டுகள்தான். பெரிய, முழுமையான பூச்சிகள் கூட்டமாக உள்ள மலிவான துண்டு என்றால் அநேகமாகக் கோப்பல். கோப்பலைக் கோப்பல் என்றே சொல்லி விற்றால் அதில் தவறு ஏதும் இல்லை, பார்த்துப் பழக நல்ல பொருள்தான். மூன்றாவது, ஆம்பர் துகள்களைச் சூடாக்கி அழுத்திச் செய்த கட்டி. இதில் குமிழிகள் ஒரே திசையில் இழுபட்டிருக்கும், துகள்களின் எல்லைகள் தெரியும். நான்காவதுதான் மிக நுணுக்கமானது: உண்மையான ஆம்பரைக் குடைந்து, இன்றைய பூச்சியை வைத்து ஒட்டியது.

கடைசி வகைக்கு அருங்காட்சியகங்களே இரையாகியிருக்கின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த பால்டிக் துண்டு ஒன்றில் ஃபேனியா ஸ்கேலாரிஸ் என்ற, இன்றும் வாழும் கழிவறை ஈ இருந்தது. இந்த இனம் பல கோடி ஆண்டுகளாக மாறவேயில்லை என்பதற்குச் சான்றாக அது மதிக்கப்பட்டது. 1966இல் வில்லி ஹெனிக் போன்ற பெரிய அறிஞரே அதை ஆராய்ந்து எழுதினார். 1993இல் நுண்ணோக்கி விளக்கின் சூட்டில் விரிசல் ஒன்று தெரிந்த பிறகுதான், துண்டு இரண்டாக வெட்டிக் குடைந்து ஒட்டப்பட்டது என்பது ஆய்வாளர் ஆண்ட்ரூ ராஸ் கண்ணில் பட்டது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? துண்டுக்குக் கெடுதல் இல்லாத சோதனையில் தொடங்கி மேலே போங்கள்.

பத்து மடங்கு பெருக்கும் லூப் (கண்ணருகே பிடிக்கும் சிறு உருப்பெருக்கி) வழியாகப் பூச்சியின் நிலையைப் பாருங்கள். உயிரோடு மாட்டியது என்றால் கால்கள் விரிந்திருக்கும், இறக்கை கோணலாக இருக்கும், அருகே குமிழியோ இழுபட்ட தடமோ இருக்கும். கால்களை மடக்கி, காய்ந்து சுருங்கி, துண்டின் நட்ட நடுவில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிசினின் ஓட்டக் கோடுகள் பூச்சியைச் சுற்றி வளைந்து போகின்றனவா, அல்லது ஒரு நேர்க்கோட்டில் திடீரென அறுபடுகின்றனவா என்றும் பாருங்கள். அறுபடும் இடம் ஒட்டிய இடமாக இருக்கலாம்.

அடுத்தது புற ஊதா ஒளி. 365 நானோமீட்டர் டார்ச் சிறந்தது. மெருகேற்றிய பக்கத்தில் பால்டிக் ஆம்பர் நீலம் கலந்த வெண்மையாகவோ பசுமஞ்சளாகவோ ஒளிரும், டொமினிக்கன் ஆம்பர் நல்ல நீலமாக ஒளிரும். பல பிளாஸ்டிக்குகள் மந்தமாகவே இருக்கும். ஒட்டுப் பசை இருந்தால் அந்தக் கோடு வேறு நிறத்தில் தனித்துத் தெரியும். ஒட்டுவேலையைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

உப்புநீர்ச் சோதனைக்குக் கால் லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு முழுதாகக் கரையட்டும். ஆம்பர் மிதக்கும், பேக்லைட், செல்லுலாய்ட், அக்ரிலிக் எல்லாம் மூழ்கும். ஆனால் கோப்பலும் மிதக்கும், பாலிஸ்டைரீனும் மிதக்கும். மூழ்கினால் ஆம்பர் இல்லை என்று சொல்லலாம். மிதந்தால் இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. விரிசல் உள்ள துண்டை இதில் போடாதீர்கள், மற்றவற்றை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்.

கோப்பலைப் பிரிக்க அசிட்டோன். பூச்சிக்குத் தொலைவில், ஓரமான இடத்தில் ஒரே ஒரு துளி வைத்துச் சில நொடி கழித்து விரலால் அழுத்துங்கள். பிசுபிசுத்தால் கோப்பல் அல்லது பிளாஸ்டிக். விற்பவரின் துண்டில் அனுமதி கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

சூடான ஊசியால் குத்தி வாசனை பார்க்கச் சொல்கிறார்கள். வேண்டாம். வடு மாறாது, சில நேரம் விரிசல் பூச்சி வரை ஓடிவிடும். துணியில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுக்கிறதா என்று பார்ப்பதிலும் பயன் இல்லை, பிளாஸ்டிக்கும் இழுக்கும். விலை அதிகமான துண்டு என்றால் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை கேளுங்கள். பால்டிக் ஆம்பரின் வரைபடத்தில் 1150 முதல் 1250 அலையெண் வரை ஒரு தோள் போன்ற மேடு வரும், அதைப் போலியால் காட்டுவது கடினம்.

வாங்கும்போது

மூன்றைக் கேளுங்கள்: எந்த இடத்தில் எடுத்தது, சூடாக்கியதா, எங்காவது ஒட்டியதா. தெளிவு வருவதற்காக அழுத்தக் கலனில் சூடாக்கிய ஆம்பரில் வட்டத் தகடுகளாக மின்னும் வெடிப்புகள் இருக்கும். நகைக்கு அது அழகு, ஆனால் சூட்டில் உள்ளே இருக்கும் பூச்சி கருகிச் சிதையக்கூடும். பூச்சியின் பெயரை விற்பவர் சொல்வதை அப்படியே நம்பாமல் படத்தை இருபுறமும் கேட்டுப் பாருங்கள்.

முதல் பணத்தை ஒரே பெரிய துண்டில் போடாதீர்கள். பெயர் கண்டுபிடிக்காத சிறு ஈக்கள் உள்ள பால்டிக் துண்டுகளை ஒரு தொகுதியாக வாங்குங்கள். அதிலிருந்து கற்றுக்கொள்வது மிக அதிகம்.

பார்க்கப் பழகுவது

லூப் போதும் என்று தொடங்கலாம், ஆனால் 10 முதல் 40 மடங்கு பெருக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி கிடைத்தால் வேறொரு உலகமே திறக்கும். ஒளியைப் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். வளைந்த மேற்பரப்பு ஒளியை முறித்து உருவத்தைக் கோணலாக்கும். அந்த இடத்தில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்தால் பளிச்சென்று தெரியும். பார்த்து முடித்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

முதலில் கால்களை எண்ணுங்கள். எட்டு என்றால் சிலந்தியோ சிற்றுண்ணியோ. ஆறு என்றால் இறக்கைகளுக்கு வாருங்கள். ஒரே இணை இறக்கை, அதன் பின்னால் குண்டூசித் தலை போன்ற சமநிலை உறுப்புகள் இருந்தால் அது ஈ வகை, உங்கள் துண்டுகளில் ஏறக்குறைய பாதி இதுவாகத்தான் இருக்கும். கூன் விழுந்த மார்பும் நீண்ட கால்களும் இருந்தால் பூஞ்சை ஈயாக இருக்கலாம். உணர்கொம்பு முழங்கை போல மடங்கி, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் குறுகிய கணு இருந்தால் எறும்பு. இதற்கு மேல் போக இறக்கை நரம்புகளை வரைந்து பாருங்கள். ஈக்களைக் குடும்ப வாரியாகப் பிரிக்க நரம்புகள் போல உதவுவது வேறில்லை, வரையும்போது கண்ணில் விழுவது வெறுமனே பார்த்தால் விழுவதில்லை.

ஒரே துண்டில் பல உயிர்கள் இருந்தால் மிகவும் கவனமாகப் பாருங்கள். ஈயின் உடலில் ஒட்டிய சிற்றுண்ணி, இணை சேர்ந்த நிலையில் மாட்டிய பூச்சிகள், சிலந்தி நூலில் சிக்கிய இரை ஆகியவை அந்தக் காட்டில் யார் யாரோடு வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்கின்றன. ஒற்றைப் பெரிய வண்டைவிட இப்படிப்பட்ட துண்டுதான் எனக்குப் பெரிது.

செடிகளை ஏன் பலர் ஒதுக்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பால்டிக் ஆம்பரை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் நட்சத்திர வடிவில் மிக நுண்ணிய மயிர்கள் சிதறிக் கிடப்பது தெரியும். ஓக் மரங்களின் மொட்டுகளிலிருந்தும் இளந்தளிர்களிலிருந்தும் உதிர்ந்தவை அவை. பாசி இலைகள், ஊசியிலைகள், மகரந்தப் பைகள் எல்லாம் கிடைக்கும். முழுப் பூ மிக அரிது. ஆம்பரில் அறியப்பட்ட மிகப் பெரிய பூ 28 மில்லிமீட்டர் அகலம் உள்ளது. 1872இல் ஒரு பெயரில் விவரிக்கப்பட்ட அதை 2023இல் மறுபடி ஆராய்ந்தபோது மகரந்தத்தை வைத்து சிம்ப்ளோகாஸ் பேரினம் என்று திருத்தினார்கள். 150 ஆண்டு கழித்துத் திருத்த முடிந்ததற்குக் காரணம் அந்தத் துண்டு பத்திரமாக இருந்ததுதான். ஒரு கவனம்: உள்விரிசல்களைப் பெரணி இலை என்று விற்பவர்கள் உண்டு. இலை என்றால் நரம்போ செல் வரிசையோ தெரிய வேண்டும். விரிசல் துண்டைத் திருப்பும்போது கண்ணாடியாய் மின்னும்.

தேய்த்து மெருகேற்றுவது

மேலோடு உள்ள துண்டில் ஒரு சன்னல் திறக்கத்தான் இது, பூச்சிக்கு மிக அருகில் போவதற்கு அல்ல. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 400இல் தொடங்கி 600, 1000, 2000 என்று ஏறுங்கள். ஒவ்வோர் எண்ணிலும் முந்தைய கீறல் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும், நடுவில் துண்டை அலச வேண்டும். கடைசியில் சீரியம் ஆக்சைடு பசையை ஃபெல்ட் துணியில் தடவித் தேய்த்தால் பளபளப்பு வரும். வேகமாகச் சுழலும் இயந்திரம் வேண்டாம், சூட்டில் மேற்பரப்பு இளகி வெடிக்கும். காய்ந்த தூளைச் சுவாசிக்காமல் முகக்கவசம் அணியுங்கள். பூச்சியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சில மில்லிமீட்டர் ஆம்பர் மிஞ்சி இருக்கட்டும். காற்று உள்ளே போக வழி கிடைத்தால் பூச்சி மெல்ல அழியும்.

குறிப்புச் சீட்டு

ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுங்கள். சீட்டில் எழுத வேண்டியவை: கிடைத்த நாடு, சுரங்கம் அல்லது கரை, மண் அடுக்கு தெரிந்தால் அது, கைக்கு வந்த நாள், யாரிடமிருந்து, என்ன சோதனை செய்தீர்கள், என்ன மெருகேற்றினீர்கள், உள்ளே என்ன இருப்பதாக எண்ணுகிறீர்கள், அப்படி எண்ணக் காரணம் என்ன. பென்சிலாலோ மங்காத மையாலோ அமிலமற்ற காகிதத்தில் எழுதித் துண்டோடு அதே உறையில் வையுங்கள். கணினியிலும் ஒரு படி இருக்கட்டும். பழைய உரிமையாளரின் சீட்டு வந்திருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் உங்கள் சீட்டோடு சேர்த்து வையுங்கள், அதில் தப்பு இருந்தாலும்கூட. ஒரு துண்டை உடைத்து இரண்டாக்கினால் இரண்டுக்கும் ஒரே எண்ணோடு அ, ஆ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு

வெளிச்சம், சூடு, ஆக்சிஜன், ஈரப்பத ஏற்ற இறக்கம் நான்கும் எதிரிகள். இருட்டான இழுப்பறை, 18 முதல் 20 டிகிரி, 50 சதவீதம் அளவில் நிலையான ஈரப்பதம் இருந்தால் போதும். ஜன்னல் ஓரத்தில் காட்சிக்கு வைத்தால் சில ஆண்டுகளில் மேற்பரப்பு செம்பழுப்பாகி, வலை போல நுண்விரிசல் விடும். ஆல்கஹால், வாசனைத் திரவியம், அல்ட்ராசோனிக் சுத்திகரிப்பான் எதுவும் அருகே வரக் கூடாது. இளஞ்சூடான நீரும் மென்துணியும் போதும். நொறுங்கும் நிலையில் உள்ள அரிய துண்டுகளை அருங்காட்சியகங்கள் எபாக்சியில் பதித்துக் காக்கின்றன. அதைத் தெரிந்தவரிடம் கற்காமல் வீட்டில் முயல வேண்டாம், ஒருமுறை பதித்தால் பிரிப்பது கடினம்.

அரியது கிடைத்துவிட்டால்

எந்தப் படத்தோடும் பொருந்தாத ஒன்று உங்கள் லூப்பில் தெரிந்தால், உடனே தேய்ப்பதை நிறுத்துங்கள். பக்கவாட்டு, மேல், கீழ் மூன்று கோணங்களிலும் அளவுகோலோடு படம் எடுத்து, அந்தக் குடும்பத்தை ஆராயும் பூச்சியியலாளரையோ தாவரவியலாளரையோ தேடி அனுப்புங்கள். போலந்தின் கிதான்ஸ்க் பல்கலைக்கழகத்தில் ஆம்பர் உள்பொருட்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. லிதுவேனியாவின் பலாங்காவில் 1963 முதல் ஆம்பர் அருங்காட்சியகம் இயங்குகிறது. பழைய கோனிக்ஸ்பர்க் (இன்றைய கலினின்கிராட்) சேகரிப்பின் பகுதிகள் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் உள்ளன. புதிய இனம் என்று உறுதியானால், பெயரிடப் பயன்படும் அந்த மூலத் துண்டைப் பொதுச் சேகரிப்பில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தயங்காமல் கொடுங்கள்.

தனியார் கண்டெடுத்த துண்டுகள் எவ்வளவோ செய்திருக்கின்றன. நியூஜெர்சியில் கிளிஃப்வுட் கரையில் 1966இல் ஒரு தம்பதி கண்டெடுத்த சிவந்த ஆம்பரில் இரண்டு எறும்புகள் இருந்தன. குளவிக்கும் எறும்புக்கும் இடைப்பட்ட தன்மைகள் கொண்ட அந்த உயிருக்கு, கண்டெடுத்த ஃப்ரே தம்பதியின் பெயரால் ஸ்ஃபெகோமிர்மா ஃப்ரேயி என்று 1967இல் பெயரிட்டார்கள். எறும்புகள் எங்கிருந்து வந்தன என்று பேசும்போதெல்லாம் அந்தத் துண்டின் பேச்சும் வருகிறது.